பாவித்த பிளேசர்

ஜெயவதனி, நேற்றுத் தேநீர் நேரம் கேட்டாய்.
உன் மகளுக்கும் அங்கே இடம் கிடைத்திருக்கிறது,
அரைவாசிக் காசு அவர்களே கட்டுகிறார்கள்,
அனுப்பலாமா என்று.
பதினேழாம் அறைக் கிழவர் மணி அடித்துவிட்டார்.
வாயில் பிஸ்கட்டோடு ஓடினேன்.

இப்போது சொல்கிறேன்.
காசை விடு. காசு தெரிந்த பகை.
நீ இரண்டு இரவு வேலை கூட எடுப்பாய்,
அவர் சனிக்கிழமையும் டாக்சி ஓட்டுவார்,
அது முதுகோடு போகும்.

தொப்பியைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள்.
வைக்கோல் தொப்பி, தொண்ணூற்றைந்து டாலர்.
வெயிலுக்கு என்று நினைப்பாய்.
டண்டினோங் ஸ்டேஷனில் காலை ஆறு ஐம்பதுக்கு
அந்தத் தொப்பியோடு ஒரு பிள்ளைதான் நிற்கும்.
பழைய சிநேகிதிகள் எதிர் மேடையில்.
கை காட்டுவார்கள்.
ஒரு நாள் ஃபோனைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.
துளசிகா தொப்பியைப் பைக்குள் அமுக்கினாள்,
விளிம்பு உடைந்தது.
தொப்பி போடவில்லை என்று கடிதம் வந்தது,
கையெழுத்து வைத்தேன்.

பிளேசர் புதிதாக வாங்காதே.
வியாழக்கிழமைகளில் தாய்மார் நடத்தும்
பாவித்த உடுப்புக் கடை இருக்கிறது.
வேலை உடுப்போடேயே போனேன்,
யாராவது ஏதாவது சொன்னால்
திருப்பிச் சொல்ல ஒரு வசனம் ஆயத்தமாக இருந்தது.
ஒருத்தியும் ஒன்றும் சொல்லவில்லை.
கோப்பி தந்தார்கள். கையை நீட்டச் சொல்லி
பிள்ளையின் அளவு பார்த்தார்கள்.
அந்த வசனம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

கழுத்துப் பட்டிக்குள் நெய்த எழுத்தில்
இமோஜென் ஃபெரியர் என்று இருந்தது.
இரவிரவாகத் தையல் பிரித்தேன்.
நெருக்கமான தையல். நூல் போனது,
ஊசித் துளைகள் போகவில்லை.

உள்பையில் மூன்று துண்டுகள்.
பள்ளிக்கூட மருத்துவ அறைச் சீட்டு.
ஃபெரியர், தலையிடி, பதினொன்று இருபது.
மூன்றும் செவ்வாய்க்கிழமை.
குப்பையில் போடப் போனேன்,
துளசிகா வாங்கி வைத்துக்கொண்டாள்.

பெற்றோர் சந்திப்புக்குக் கட்டாயம் இருவரும் போங்கள்.
“துளசிகா தன் குரலைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறாள்”
என்றார் ஆசிரியை, சிரித்த முகத்தோடு.
இவர் தலையாட்டினார்.
காருக்குள் ஏறிய பிறகுதான் கேட்டார்:
“எப்ப துலைச்சவள்?”

இன்னொன்று. இது என் பிழை.
மழை நாளில் ஏற்றப் போனபோது
நம்முடைய பழைய கொரோலாவை
இரண்டு தெரு தள்ளி நிறுத்தினேன்.
அவள் கேட்கவில்லை, நானாகவே.
நனைந்து வந்து ஏறினாள்.
“ஏன் இஞ்ச நிக்கிறீங்கள்?”
மேலே இடமில்லை என்றேன்.
இடம் இருந்ததை அவள் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள்.
மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை.

இரண்டாம் தவணையில் பிளேசரைக் கழுவ எடுத்தேன்.
உள்பையில் நாலு துண்டுகள்.
நாலாவதில் என் பிள்ளையின் பெயர்.
தலையிடி. புதன்கிழமை.
எனக்கு நெஞ்சு அடித்தது;
யாரடி, என்னடி, ஃபோன் எடுக்கவா என்றெல்லாம் கேட்டேன்.
“தலையிடி இல்லை அம்மா.
அங்க யன்னலுக்குப் பக்கத்தில ஒரு கதிரை இருக்கு.
நர்ஸ் ஒண்டும் கேக்க மாட்டா.”
அவ்வளவுதான் சொன்னாள்.
பிறகு பாணுக்கு ஜாம் பூசிக்கொண்டு போய்விட்டாள்.

ஃபோன் எடுக்கவில்லை நான்.
எடுத்திருக்க வேண்டுமோ, இன்னும் தெரியாது.
ஐந்தாவது துண்டு வரவில்லை.
அல்லது பையை மாற்றிவிட்டாளோ.
இப்போது துடுப்புப் போடுகிறாள், யாரா ஆற்றில்.
உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்,
விடியக்காலை நாலரைக்கு என்னையும் எழுப்புகிறாள்.
யாரோ மேட்டில்டாவோடு ஃபோனில் சிரிக்கிறாள்,
அந்தச் சிரிப்பு எனக்குப் புதிது.

அனுப்பலாமா என்று கேட்டாய்.
அதற்குப் பதில் இதுவல்ல, தெரியும்.
பிளேசர் கை கட்டையாகிவிட்டது அவளுக்கு.
வியாழக்கிழமை கடையில் கொடுப்பம்,
பையைத் துப்புரவாக்கு என்றேன்.
துண்டுகளைத் தொடாமல் மடித்து வைத்துவிட்டுக் கேட்டாள்:
“ஜெயவதனி அன்ரியின்ர மகளுக்கு என்ன சைஸ்?”

பன்னிரண்டு இது.
கொஞ்சம் பெரிதென்றாலும் பரவாயில்லை.
நாளை இரவு வேலைக்குக் கொண்டுவரட்டா?